குருசடிச் சாவி

கம்பம்,
18.6.2006

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

பெனிட்டா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பாவுக்கு மட்டும் திராட்சைக்கு மருந்தடித்ததில் இரண்டு நாளாகக் கண் எரிச்சல். அங்கே நீங்களும் சித்தியும் நலமா? சென்னைத் தண்ணீர் இப்போது ஒத்துக்கொள்கிறதா?

மெயில் அனுப்பச் சொன்னீர்கள். கம்பத்தில் முத்துக்கருப்பன் அண்ணன் வைத்திருக்கும் பிரௌசிங் சென்டரில், ஏழாம் நம்பர் மெஷினில் நாம் தட்டுகிற எழுத்தெல்லாம் நமக்குத் தெரியாமல் ஒரு ஃபைலில் போய்ச் சேருகிறது. யாரோ ஒரு திருட்டு புரோகிராமைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கண்டுபிடித்து அவரிடம் சொன்னேன். “ஏ புள்ள, மெஷினுன்னா எழுத்து சேரத்தான செய்யும்” என்கிறார். அங்கே உட்கார்ந்து மெயில் எழுதுவதும் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்துவதும் ஒன்றுதான். எனக்குக் கோந்து போட்டு ஒட்டிய கவர் போதும்.

நான் இப்போது பிளஸ் டூ கம்ப்யூட்டர் குரூப். லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மெஷின்களுக்குப் பூப்போட்ட துணி உறை. பத்து மெஷினில் நான்குதான் உயிரோடு இருக்கின்றன. அழகுமலை சார் சி பிளஸ் பிளஸ் புரோகிராம்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். ஏன் இந்த வரி என்று கேட்டால், “அர்த்தமெல்லாம் வேலைக்குப் போயிப் பாத்துக்கலாம், இப்பக் காப்பி பண்ணு” என்பார். நான் அர்த்தத்தைப் பார்க்கிறவள். அதனால் அவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது.

கேட்க வந்தது இதுதான். ஒரு கம்ப்யூட்டருக்குள் எப்படித் திருட்டுத்தனமாக நுழைவார்கள் என்று கண்டுபிடித்து அடைக்கிற வேலை இருக்கிறதாமே, அதற்குப் போக வேண்டும். இங்கிருந்து எந்த வழியில் போவது? என்ன படிக்க வேண்டும்? அப்பாவிடம் கேட்டால், “சித்தப்பன் என்ன சொல்றானோ அதான்” என்கிறார். ஆகவே நீங்கள் சொல்வதுதான் என் தலையெழுத்து. யோசித்து எழுதுங்கள்.

அன்பு மகள்,
பெனிட்டா


சென்னை,
9.7.2006

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

சித்தப்பா ஆரோக்கிய பிரபுவின் ஆசீர். நலம். அண்ணன் கண்ணுக்கு விளக்கெண்ணெய் விடச் சொல்.

உன் கடிதத்தை ஆபீஸில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான்கு மெஷினும் ஒரு அழகுமலையும் இருக்கிற இடத்திலிருந்து கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குப் போகிறாளாம்! முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை. ஐ.ஐ.டி.யில் படித்தவன் செய்கிற வேலையம்மா அது. பிரௌசிங் சென்டரில் ஒரு ஃபைலைப் பார்த்துவிட்டாயாம். தெருவில் ஒரு ஆணியைப் பார்த்தவள் நான் தச்சன் என்றாளாம்.

பாதுகாப்பு என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால் உன் பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போய்ப் பார். அங்கே ஓடுகிற மார்க் சாஃப்ட்வேர் உன் சித்தப்பன் எழுதியது. நம் ஜில்லாவில் மட்டும் பதினாறு பள்ளியில் ஓடுகிறது. யார் எப்போது உள்ளே வந்தான், எந்த மார்க்கைத் தொட்டான், எவ்வளவு நேரம் இருந்தான் எல்லாவற்றையும் அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். அந்த எழுத்தைத் திறந்து படிக்க கம்பெனி ஆளால் மட்டும்தான் முடியும். இதெல்லாம் உனக்குப் புரியாது.

நன்றாகப் படி. டீச்சர் டிரெயினிங் போ. பெண்பிள்ளைக்கு அது பொருத்தம்.

ஆரோக்கிய பிரபு


கம்பம்,
16.9.2006

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். அப்பாவின் கண் சரியாகிவிட்டது, விளக்கெண்ணெய் இல்லாமலே. உங்கள் ஆபீஸில் சிரித்த இரண்டு பேரும் நலமா?

நீங்கள் சொன்னபடி உங்கள் சாஃப்ட்வேரைப் பார்த்தேன். காலாண்டு மார்க் ஏற்ற கிளார்க்குக்குத் தட்டத் தெரியாது. அதனால் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கம்ப்யூட்டர் குரூப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கிளார்க்கின் பாஸ்வேர்டில் மார்க் ஏற்றலாம். ஏற்றியதைத் திருத்த முடியாது. ஆனால் கீழே ‘கம்பெனி ஆளுக்கு மட்டும்’ என்று இன்னொரு கதவு வைத்திருக்கிறீர்கள். அதற்கும் பாஸ்வேர்ட் கேட்டது.

எனக்கு எந்தப் புரோகிராமும் தேவைப்படவில்லை. இதை எழுதிய மனிதர் யார் என்று மட்டும் யோசித்தேன். பிறந்ததிலிருந்து, பரீட்சையானாலும் வேலையானாலும் நம் தோட்டத்துக் குருசடிக் கோயிலில் புனித பங்கிராஸ் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றாமல் எதையும் தொடாதவர். குருசடிச் சாவி இரண்டில் ஒன்றைச் சென்னை வரைக்கும் கொண்டு போயிருப்பவர். பங்கிராஸ் பெயரைத் தட்டினேன். பின்னால் அவர் திருநாள், மே பன்னிரண்டு. கதவு திறந்துகொண்டது.

முதல் தடவையிலேயே, சித்தப்பா. நம் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய எந்தக் குழந்தையும் திறந்துவிடும்.

எல்லாப் பிள்ளைகளின் மார்க்கும் திருத்துகிற மாதிரி முன்னால் வந்து நின்றது. எதையும் தொடாமல் மூடிவிட்டேன். பதினாறு பள்ளிக்கும் ஒரே சாவிதான் போட்டிருப்பீர்கள் என்று உங்களைத் தெரிந்ததால் சொல்கிறேன். சிஸ்டரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

நான் கேட்ட வழியை இப்போதாவது எழுதுங்கள்.

அன்பு மகள்,
பெனிட்டா


சென்னை,
30.10.2006

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பண்டிகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காததால் ஊருக்கு வர முடியவில்லை. இங்கே மழை. மாம்பலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். சித்திக்கு இருமல்.

நீ எழுதியிருந்த விஷயம் சரிபார்க்கப்பட்டது. அதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். அரைகுறையாகத் தெரிந்ததைப் பேசினால் உனக்குத்தான் கெட்ட பெயர்.

டீச்சர் டிரெயினிங் விண்ணப்பம் மே மாதம் கொடுப்பார்கள். அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆரோக்கிய பிரபு


கம்பம்,
20.11.2006

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தியின் இருமலுக்குத் தூதுவளை அனுப்பியிருக்கிறேன்.

ஊருக்கு வரப் பஸ் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அக்டோபர் ஆறாம் தேதி பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பஸ் கிடைத்திருக்கிறது. கிளார்க் சொன்னார்: “ஒங்க சித்தப்பாதான் வந்தாக. அரை மணி நேரம் மெஷினோட இருந்தாக. காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டாக.” பள்ளிக்கூடத்திலிருந்து நம் வீட்டுக்கு எட்டு நிமிட நடை. அன்றைக்கு அம்மா ஆட்டுக்கறி எடுத்திருந்தாள். கூடப்பிறந்த அண்ணனைப் பார்க்காமல் ஒரு பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

புதிய பாஸ்வேர்டை நான் தட்டிப் பார்க்கவில்லை. தட்ட வேண்டிய அவசியமும் இல்லை. நம் வீட்டில் எது தொலைந்தாலும், ஆடு தொலைந்தாலும் கம்மல் தொலைந்தாலும், செவ்வாய்க்கிழமை அந்தோணியாரிடம்தான் ஓடுவோம். உங்களுடைய ரகசியம் தொலைந்தது; நீங்கள் யாரிடம் ஓடியிருப்பீர்கள்? அவர் திருநாள் ஜூன் பதின்மூன்று. நான் சொல்வது தப்பு என்றால் தப்பு என்று எழுதுங்கள். சரி என்றால் பதில் எழுத வேண்டாம்.

என் மார்க்கு நன்றாக வரும். வருகிற வருடம் நுழைவுத் தேர்வு இல்லை என்கிறார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அனுப்பச் சொல்லி அப்பாவுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். அதற்குமேல் உங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

பெனிட்டா


சென்னை,
21.5.2007

மதிப்பிற்குரிய அண்ணன் ஏசுதாசன் அவர்களுக்கு,

தம்பி ஆரோக்கிய பிரபு எழுதுவது. நலம். திராட்சை விலை பரவாயில்லையா? மதினிக்கு என் வணக்கம்.

பெனிட்டா ஆயிரத்து நூற்றுப் பதினான்கு எடுத்திருப்பதாக போனில் சொன்னீர்கள். சந்தோஷம். இன்ஜினியரிங் கேட்கிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். மனதைத் தேற்றிக்கொண்டு படியுங்கள், அண்ணே. போன வருடம் அவள் பள்ளிக்கூட ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து மார்க்கைத் திருத்தப் பார்த்தாள். விஷயம் என் கம்பெனி வரைக்கும் வந்துவிட்டது. குடும்ப மானத்துக்காக நானே நேரில் வந்து வெளியே தெரியாமல் அமுக்கினேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல்தான் வீட்டுக்கு வரவில்லை.

இந்தப் புத்தி உள்ள பெண்ணைக் கம்ப்யூட்டர் படிக்க வெளியூர் அனுப்பினால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நீங்கள்தான் நிற்க வேண்டும். அவளிடம் கேட்டு அழ வைக்க வேண்டாம். கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

தங்கள் தம்பி,
ஆரோக்கிய பிரபு


கம்பம்,
10.6.2007

ஆரோக்கிய பிரபு சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பா பைபிளுக்குள் வைத்திருந்தார். எடுத்துப் படித்துவிட்டேன். எங்கேயோ நுழைந்து பார்க்கிற புத்தி எனக்கு உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்றுதான் அந்தக் கடிதத்தில் உண்மை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் பூசணிக்காயை என் தட்டில் வைத்துவிட்டு, திருடி என்று என்னைக் காட்டியிருக்கிறீர்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனவர் நீங்கள். கதவு திறந்திருக்கிறது என்று சொன்னவள் நான். அதுவும் உங்களிடம் மட்டும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. “சென்னையில பெரிய கம்பெனியில வேலை பாக்குற அளவுக்குப் போனவன் பொய் சொல்லுவானா? ஆயிரத்து நூத்திப் பதினாலும் திருத்துன மார்க்குத்தானோ என்னமோ” என்றார். பரீட்சைப் பேப்பர் வெளியூரில் திருத்துகிறார்கள் அப்பா என்றேன். எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை, சித்தப்பா. இன்ஜினியரிங் போனது கூடப் பெரிதில்லை.

அம்மா சோறு பொங்காமல் மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். “அங்கன தேனிக்குள்ளயே படிக்கட்டும், அஞ்சு மணிக்கு வீட்டுல இருக்கணும்” என்று கடைசியில் அப்பா இறங்கி வந்தார். பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறேன்.

உங்கள் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் என்று பெருமையடித்திருந்தீர்கள். அக்டோபர் ஆறாம் தேதி வந்தபோது அதைத்தான் அரை மணி நேரம் படித்திருப்பீர்கள். நான் எத்தனை நிமிடம் இருந்தேன், எந்த மார்க்கைத் தொட்டேன் என்று அதில் இருக்கும். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ‘அவள் எதையும் தொடவில்லை’ என்று மூன்று வார்த்தை எழுதுங்கள்.

காத்திருக்கிறேன்.

பெனிட்டா


சென்னை,
2.7.2010

அன்பும் பாசமும் நிறைந்த மகள் பெனிட்டாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். சித்தப்பாவின் ஆயிரம் ஆசீர்வாதங்கள். நலம்தானே? பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? ஸ்வெட்டர் வாங்கி அனுப்பட்டுமா என்று சித்தி கேட்கிறாள். மூன்று வருடம் வேலைச் சுமையில் பதில் எழுத முடியாமல் போய்விட்டது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ பாதுகாப்புக் கம்பெனியில் சேர்ந்தது தெரிந்து எனக்கு எவ்வளவு பெருமை! சின்ன வயதிலேயே உனக்கு அந்தப் பொறி உண்டு என்று எல்லோரிடமும் சொல்லுவேன்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் மார்க் சாஃப்ட்வேரை மாநிலம் முழுக்க நாற்பது பள்ளிக்கூடம் வைத்திருக்கிற ஒரு பெரிய நிர்வாகம் வாங்குகிறது. வாங்குமுன் வெளியாள் வைத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பிடித்த கம்பெனி உன் கம்பெனிதான். ஆண்டவர் சித்தத்தைப் பார்! நீ கொஞ்சம் அனுசரித்து எழுத வேண்டும். தானாடாவிட்டாலும் சதையாடும் என்பார்கள். நீ அறியாததா?

அன்புச் சித்தப்பா,
ஆரோக்கிய பிரபு


பெங்களூர்,
4.8.2010

சித்தப்பாவுக்கு,

நலம். ஸ்வெட்டர் வேண்டாம், இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன். சோதனை முடிந்து அறிக்கை போன பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று முடிவு செய்தேன். நேற்றுப் போய்விட்டது.

கடிதம் கிடைத்த அன்றே, இந்த சாஃப்ட்வேரை எழுதியவர் என் சித்தப்பா, நான் இதைத் தொடக்கூடாது என்று மேலதிகாரியிடம் சொல்லி விலகிக்கொண்டேன். ஷிமோகாப் பையன் ஒருவனிடம் கொடுத்தார்கள். அவனுக்கு நம் பங்குக் கோயிலையும் தெரியாது, நம் வீட்டையும் தெரியாது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் என்னிடம் வந்து, “அந்தோணியார் என்றால் யார்?” என்று கேட்டான். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்றேன்.

நான்கு வருடம், சித்தப்பா! ஒரு பதினேழு வயதுப் பெண் கடிதத்தில் எழுதி அனுப்பிய பாஸ்வேர்டை நான்கு வருடமாக மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள். மாற்றினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடுமே! போதாததற்கு அதை புரோகிராமுக்குள்ளேயே யாரும் படிக்கிற மாதிரி பச்சையாக எழுதியும் வைத்திருந்தீர்களாம். பையன் என் முன்னால் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. உறவுக்காக அல்ல. உங்களைப் பார்த்துச் சிரிக்கிற கட்டமெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன்னால் வழி கேட்டேன். நீங்கள் எழுதாத பதிலை நானே எழுதுகிறேன், வேறு யாராவது பிள்ளை கேட்டால் சொல்லுங்கள். முத்துக்கருப்பன் அண்ணன் கடையில் எட்டு மெஷினையும் சுத்தம் செய்து கொடுத்தேன். பதிலுக்கு சனிக்கிழமை முழுக்க ஒரு மெஷின் எனக்கு விட்டார். மற்ற பிள்ளைகள் மனப்பாடம் செய்த புரோகிராமை நான் உடைத்து உடைத்துப் பார்த்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் லினக்ஸ் போட்டுக் கற்றுக்கொண்டேன். இந்தக் கம்பெனி இணையத்தில் ஒரு பூட்டை வைத்து, முடிந்தால் திறந்து பார் என்றது. பதினொரு சனிக்கிழமையில் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்றும், எப்படி அடைக்கலாம் என்றும் எழுதி அனுப்பினேன். அவர்கள் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. வேலைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா தன் கம்மலைக் கழற்றி என் கையில் வைத்து, அழுதுகொண்டே என்னை பஸ் ஏற்றிவிட்டாள். அப்பா தோட்டத்தில் இருந்தார்.

இவ்வளவுதான் வழி. ஐ.ஐ.டி. எதுவும் நடுவில் வரவில்லை.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்காதீர்கள். உங்களுக்கே வரும். நீங்கள் அனுசரிக்கச் சொன்ன கடிதத்தையும் மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். சதை ஆடத்தான் செய்தது, அடக்கிக்கொண்டேன்.

பெனிட்டா


கம்பம்,
29.8.2010

இயேசுவுக்கே புகழ்.

அன்பு மகள் பெனிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன் என்று உனக்குத் தெரியும். அம்மா நலம். திராட்சைக் கொடி கவாத்து வெட்டி முடிந்தது.

போன புதன்கிழமை சிஸ்டர் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சித்தப்பன் கம்பெனியிலிருந்து பதினாறு பள்ளிக்கும் கடிதம் வந்திருக்கிறதாம். கம்ப்யூட்டரில் யார் யார் நுழைந்தார்கள் என்ற குறிப்பை இனிமேல் பள்ளிக்கூடமே பார்க்கலாம் என்று கதவைத் திறந்து விட்டிருக்கிறார்கள். சிஸ்டர் அதை அச்செடுத்து வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்டு நானே படித்தேன்.

2006 செப்டம்பர் 14. மாலை 3.42. இரண்டு நிமிடம். திருத்தம் இல்லை.

அதற்கு அடுத்த வரி அக்டோபர் 6. குறிப்பு படிக்கப்பட்டது, பாஸ்வேர்ட் மாற்றப்பட்டது. “இது யாரு சிஸ்டர்?” என்று கேட்டேன். “ஒங்க தம்பிதான் வந்தாக” என்றார்கள். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. ரெண்டு நிமிடம் என்று தெரிந்தே எனக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறான். நான் மூன்று வருடம் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். பெற்ற மகளை நம்பாமல், எட்டு நிமிட தூரத்தில் வந்தும் வீட்டுப் படி ஏறாதவனை நம்பினேன். நான் மடையன். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று ராத்திரி அவன் போன் செய்தான். வேலை போய்விடும் போல, மகளிடம் சொல்லுங்கள் என்றான். “ஏலே, எனக்கு மக இருக்கான்னு ஒனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா” என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மே மாதத் திருநாளுக்கு வந்துவிடு. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லாதே.

குருசடிக் கதவுக்குக் கம்பத்தில் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டேன். சாவி இரண்டு. ஒன்று என் அரைஞாண் கயிற்றில் இருக்கிறது. மற்றதை உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். வந்ததும் எழுது.

அன்புள்ள அப்பா,
ஏசுதாசன்